சில வீட்டுச் செடிகளின் இலை மட்டும் ஏன் பொசுபொசுவென்று இருக்கிறது?

சாரல் (கேள்வி)

வணக்கம். கிழக்குப் பார்த்த ஜன்னலில் ஆப்பிரிக்கன் வயலட் இரண்டு, பாண்டா செடி ஒன்று, கற்பூரவல்லி ஒன்று இருக்கின்றன. ஜன்னலை விட்டுக் கொஞ்சம் தள்ளி மைக்கன்ஸ் என்கிற பிலோடென்ட்ரான் கொடி. ஐந்தின் இலையும் தொட்டால் மெத்தென்று இருக்கிறது. மணிபிளான்ட், ரப்பர் செடி இலையெல்லாம் வழவழவென்று இருக்க, இவற்றுக்கு மட்டும் எதற்கு இந்தச் சுணை?

"சுணை இருந்தால் வறட்சியைத் தாங்கும், தண்ணீர் குறைவாக ஊற்று" என்றுதான் எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறது. அது ஐந்துக்கும் பொருந்துமா?

கூடவே மூன்று சிக்கல்கள்:

வயலட் இலைகளின் மேற்பக்கம் வெளிர்மஞ்சளாக வளையம் வளையமாகக் கோடுகள் விழுகின்றன. தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் எதுவும் தெரியவில்லை.

தூசி படிந்தால் எப்படி எடுப்பது? ஈரத்துணியால் துடைத்தால் சுணை படிந்து, இலை திட்டுத் திட்டாகிவிடுகிறது.

இரண்டு வயலட்டில் ஒன்றின் நடுக்குருத்து மட்டும் ரொம்ப அடர்த்தியான சுணையோடு, சாம்பல் நிறமாக வருகிறது. இது ஆரோக்கியமா, நோயா?

இலைநரம்பு

முதலில் ஒரு திருத்தம். உங்கள் ஐந்து செடிகளில் நான்குக்குத்தான் சுணை. மைக்கன்ஸ் இலையில் அந்த மென்மையைத் தருவது ரோமம் அல்ல. ஒரு பத்து மடங்கு லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இலையின் ஓரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடியுங்கள். வயலட் இலை என்றால் விளிம்பு முழுக்க வெள்ளி ஊசிகளை வரிசையாக நட்டதுபோல் நிற்கும். மைக்கன்ஸில் விளிம்பு சுத்தமாகத் தெரியும். அதன் மேல்தோலில் ஒவ்வொரு செல்லும் சின்னக் குமிழ்போல் மேல்நோக்கிப் புடைத்திருக்கிறது. வெளிச்சம் அந்தக் குமிழ்களில் பட்டு உள்ளே வளைவதாலும் சிதறுவதாலும்தான் பட்டுத்துணி மாதிரி மினுங்குகிறது. அடர்ந்த காட்டின் அடித்தளத்தில், அரைகுறை வெளிச்சத்தில் வளரும் செடிகளில் இந்த அமைப்பு நிறைய உண்டு. வெல்வெட் இலை ஆந்தூரியங்களும் இந்த வகைதான்.

இன்னொரு போலியும் இருக்கிறது. எச்சிவேரியா போன்ற சதைப்பற்றுச் செடிகளில் திருநீறு பூசியதுபோல ஒரு வெண்பூச்சு இருக்குமே, அது மெழுகு. விரல் பட்டால் ரேகையோடு அழிந்துபோகும். அழிந்த இடத்தில் பழையபடி வராது.

இனி உண்மையான சுணைக்கு வருகிறேன். தாவரவியலில் ட்ரைக்கோம் என்பார்கள். இலையின் மேல்தோல் செல் ஒன்று வெளிப்புறமாக நீண்டு வளர்வதுதான் அது. சில செடிகளில் ஒரு ரோமம் என்பது ஒரே செல். வயலட்டில் பல செல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, மணி கோத்ததுபோல் ஒற்றை வரிசையில் நிற்கின்றன. இது எதற்காக என்று கேட்டால் செடிக்குச் செடி பதில் மாறும். "சுணை என்றால் வறட்சி" என்று ஒரே வரியில் முடிப்பதால்தான் பல வயலட்டுகள் காய்ந்து சாகின்றன.

வெயில் காயும் இடத்துச் செடிகளுக்கு முதல் பயன், ஒளியைத் திருப்பி அனுப்புவது. பல ரோமங்கள் முதிர்ந்ததும் செத்து, உள்ளே காற்று நிரம்பிவிடும். நுரை வெள்ளையாகத் தெரிவதற்கும் இந்த ரோமங்கள் வெள்ளையாகத் தெரிவதற்கும் காரணம் ஒன்றுதான்: காற்றும் திடப்பொருளும் மாறி மாறி இருந்தால் ஒளி சிதறும். இலைக்குள் போகும் ஒளி குறைந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் நீர் ஆவியாவதும் குறையும். வட அமெரிக்கப் பாலைநிலத்து என்சீலியா என்கிற புதர், ஈரம் இருக்கும் காலத்தில் பச்சை இலையும், வறண்ட காலத்தில் வெள்ளைச் சுணை மூடிய இலையும் விடும். அதே செடிதான். தேவைக்கேற்ப அடுத்த இலையை மாற்றிக்கொள்கிறது. உங்கள் பாண்டா செடி மடகாஸ்கரைச் சேர்ந்தது. அதன் சுணையை இந்தக் கணக்கில் வைக்கலாம்.

"ரோமம் காற்றைத் தடுத்து ஈரத்தைக் காக்கிறது" என்பதும் உண்மைதான், ஆனால் அளவுக்கு மீறிப் பெருமைப்படுத்தப்பட்ட உண்மை. இலையை ஒட்டி ஓர் அசையாத காற்றுப்படலம் எப்போதும் இருக்கும். ரோமம் அதைக் கொஞ்சம் தடிப்பாக்கும். ஆனால் நீர் வெளியேறுவதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இலைத்துளைகள் எவ்வளவு திறந்திருக்கின்றன என்பதுதான். காற்றே அசையாத அறைக்குள் இந்தப் பயன் இன்னும் குறைவு.

ஈரமான இடத்தில் வளரும் செடிக்கு ரோமம் வேறொரு வேலை செய்கிறது. இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீர் படலமாகப் பரவிவிட்டால் இலைத்துளைகள் அடைபடும். கரியமில வாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். ஆக, ஈரப்படலம் மூடிய இலைக்கு மூச்சு முட்டும். ரோமங்கள் நீரைத் துளியாக உருட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டால், கீழே காற்று நடமாட இடம் கிடைக்கும்.

அடுத்தது பூச்சி. சின்னப் பூச்சிக்கு இந்த ரோமக்காடு நடக்கவே சிரமமான இடம், வாயை இலைத்தோலில் பதிக்கவும் எட்டாது. ஆனால் இதிலும் இரண்டு பக்கம் உண்டு. பருத்தியில் சுணை அதிகமுள்ள ரகங்களைத் தத்துப்பூச்சி அவ்வளவாக அண்டாது. வெள்ளை ஈயோ அதே சுணையைத் தேடிப்போய் முட்டையிடும்.

கற்பூரவல்லி இன்னொரு தினுசு. அதில் சாதாரண ரோமங்களுக்கு நடுவே தலையில் குமிழ் வைத்த சுரப்பி ரோமங்களும் இருக்கின்றன. இலையைத் தேய்க்காமல் முகர்ந்தால் வாசம் லேசாக இருக்கும். விரலால் ஒரு நிமிண்டு நிமிண்டினால் குப்பென்று அடிக்கும். அந்தக் குமிழ்கள் உடைந்து எண்ணெய் வெளியே வந்ததுதான் அது. தக்காளிச் செடியைக் கையாண்டால் விரலில் மஞ்சளும் பச்சையுமாகப் பிசுபிசுப்பு ஒட்டுவதும் இதே வகைச் சுரப்பி ரோமங்களால்தான்.

வயலட்டுக்கு வருகிறேன். இதன் ஊர் தான்சானியாவும் கென்யாவும். அங்குள்ள மலைக்காடுகளில், நிழலான பாறை இடுக்குகளில் வளர்வது. 1892இல் பாரன் வால்டர் வான் செயின்ட் பால் என்ற ஜெர்மானிய அதிகாரி அதைச் சேகரித்து அனுப்பினார். மறுவருடம் ஹெர்மன் வென்ட்லாண்ட் அவர் பெயரையே வைத்து செயின்ட்பாலியா என்று விவரித்தார். 2015இல் ஸ்ட்ரெப்டோகார்பஸ் பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். சொல்ல வந்தது இதுதான்: அது நிழலும் ஈரக்காற்றும் உள்ள இடத்துச் செடி. இலையில் சுணை இருக்கிறதே என்று கள்ளிச்செடி மாதிரி காயப்போட்டால் வேர் கருகிவிடும். மேல்மண் ஒரு சென்டிமீட்டர் காய்ந்ததும் அதற்குத் தண்ணீர் வேண்டும். பாண்டாவுக்கோ தொட்டி அடிவரை காய வேண்டும். இரண்டும் ஒரே ஜன்னலில் இருக்கலாம், ஒரே நாளில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

தொட்டிமண்

இலைநரம்பு காரணத்தைச் சொல்லிட்டாங்க. நான் கைவேலையைச் சொல்றேன்.

அந்த மஞ்சள் வளையம் நோய் இல்லைங்க, குளிர்ந்த தண்ணி பட்ட காயம். வயலட் இலை திடீர்னு குளிர்ந்தா மேல்தோலுக்குக் கீழே இருக்கிற பச்சைய செல்கள் சரிஞ்சிடும். இலை 28 டிகிரியில இருக்கும்போது 18 டிகிரித் தண்ணி பட்டா போதும். துளி எங்கெங்கே தேங்கி நின்னுதோ அந்த வடிவத்துல தடம் விழும், அதான் வளையம். நீங்க சொன்ன மாதிரி தடவினா ஒண்ணும் தெரியாது, ஏன்னா சேதம் உள்ளுக்குள்ள. விழுந்த தடம் மறையாது. பரவவும் பரவாது. புது இலை சுத்தமா வந்தா பிரச்சினை தீர்ந்துச்சுன்னு அர்த்தம்.

தண்ணியை முந்தின ராத்திரியே பிடிச்சு அதே அறையில வைச்சிடுங்க. கையை விட்டா சில்லுன்னு தெரியக் கூடாது. அடியிலிருந்து ஊட்டுறது இன்னும் நல்லது: தொட்டியை ரெண்டு சென்டிமீட்டர் தண்ணி இருக்கிற தட்டுல வைங்க, 20லிருந்து 30 நிமிஷம். மேல்மண் ஈரமாகி நிறம் மாறினதும் எடுத்து, மிச்சத் தண்ணியைக் கொட்டிடுங்க. தட்டுலயே மணிக்கணக்கா விட்டா வேர் அழுகும்.

அடியிலிருந்தே ஊட்டினா ஒரு பக்கவிளைவு இருக்கு. உரத்தோட உப்பு மேலே ஏறி மேல்மண்ணுலயும் தொட்டி விளிம்புலயும் வெள்ளையா படியும். அந்த விளிம்புல சாயுற இலைக்காம்பு சுணையோட கருகி, பழுப்பாகி ஒடிஞ்சிடும். மாசம் ஒரு தடவை, இலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மண்ணு மேல மட்டும் வெதுவெதுப்பான தண்ணியைத் தொட்டி அளவு மாதிரி ரெண்டு மூணு மடங்கு ஊத்தி வடிய விடுங்க. விளிம்பைத் துடைச்சிட்டு அலுமினியத் தாளைச் சுத்தி விடலாம்.

ரெண்டு மூணு தொட்டி இருந்தா, கீழே ஒரு பாத்திரத்துல தண்ணி வைச்சு அதை மேலே இழுக்கத் திரி வைக்கிறது சுலபம். அக்ரிலிக் நூல் இல்லைன்னா நைலான் கயிறு, மூணு மில்லிமீட்டர் தடிமன் போதும். பருத்தி நூல் வேணாம், சீக்கிரமே மக்கிடும். அடித்துளை வழியா உள்ளே விட்டு தொட்டி நடுவரைக்கும் ஏத்துங்க. கலவை லேசா இருக்கணும்: கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), பெர்லைட், வெர்மிகுலைட் (ரெண்டும் லேசான கனிமத் துகள்) மூணும் சம பங்கு. சாதாரணத் தோட்ட மண்ணுல திரி வைச்சா எப்பவும் சொதசொதன்னு இருந்து வேர் போயிடும். தொட்டியோட அடிப்பாகம் தண்ணியைத் தொடக் கூடாது, திரி மட்டும்தான் தொடணும். முதல் தடவை மேலேயிருந்து ஊத்திக் கலவையையும் திரியையும் நனைச்சாத்தான் இழுக்க ஆரம்பிக்கும். திரி வேலை செய்யலைன்னு சொல்ற பலரும் மறக்கிறது இதைத்தான்.

தூசிக்கு ஈரத்துணி வேணவே வேணாம். துணி தூசியை எடுக்காது, சுணைக்கு அடியில தள்ளிப் பூசிவிடும். நீங்க சொல்ற திட்டு அதுதான். முடி மெத்துன்னு இருக்கிற ஓவிய பிரஷ், ஒரு விரல் அகலம் இருந்தா போதும், நல்லா காஞ்சிருக்கணும். ஒரு கை இலைக்கு அடியில தாங்கட்டும். காம்புப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி ஒரே திசையில, ரொம்ப லேசா இழுங்க. எதிர்த் திசையில போனா ரோமம் ஒடியும். கேமரா லென்ஸ் ஊதுற ரப்பர் பந்து இருந்தா முதல்ல அதால ஊதிட்டு அப்புறம் பிரஷ் போடுங்க.

ரொம்ப அழுக்கா இருந்தா வயலட்டைக் கழுவவும் செய்யலாம். கழுவவே கூடாதுன்னு சொல்றது தப்பு. வெதுவெதுப்பான தண்ணி, மெல்லிய சாரலா, தொட்டியைச் சாய்ச்சுப் பிடிச்சு 10, 20 விநாடி. நடுக்குருத்துல தேங்கின தண்ணியை டிஷ்யூ தாளோட முனையால ஒத்தி எடுங்க. முழுசா காயுற வரைக்கும் வெயில் இல்லாத, காத்தோட்டமான இடத்துல வைங்க. காலையிலேயே செய்யணும். ராத்திரி குருத்துல ஈரம் நின்னா சாம்பல் பூஞ்சணம் வரும். பாண்டாவுக்குக் கழுவலே வேணாம், பிரஷ் மட்டும் போதும்.

இலைக்குப் பளபளப்பு கொடுக்கிற ஸ்பிரே எதையும் சுணை இலை பக்கம் கொண்டுபோகாதீங்க. ரோமமெல்லாம் ஒட்டிக் கத்தையாயிடும், அப்புறம் அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

மூங்கில்குருத்து

தண்ணீர்த்துளி லென்ஸ் மாதிரி வெயிலைக் குவித்து இலையைச் சுடும் என்பார்களே, அந்த வளையம் அதனாலும் இருக்கலாம் அல்லவா?

இலைநரம்பு

வழவழப்பான இலைக்கு அது பொருந்தாது. துளி இலையோடு ஒட்டி உட்கார்ந்திருப்பதால் ஒளி குவியும் புள்ளி இலைக்குக் கீழே எங்கேயோ போய்விடும், அதற்குள் துளியும் காய்ந்துவிடும். சுணை இலை மட்டும் விதிவிலக்கு. ரோமங்கள் துளியை உருண்டையாக, இலைக்குச் சற்று மேலே தாங்கிப் பிடிக்கின்றன. அந்த இடைவெளியால் குவியும் புள்ளி சரியாக இலைமேல் விழ முடியும். 2010இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நீரில் மிதக்கும் சால்வீனியா என்கிற சுணை பெரணியில் துளிகளை வைத்து வெயிலில் காட்டியபோது சூட்டுக்காயம் உண்டானது.

ஆனால் இங்கே விழுந்திருப்பது வளையமும் கோடும். லென்ஸ் சூடு என்றால் காய்ந்த பழுப்புப் புள்ளியாகத்தான் இருக்கும். அதனால் இது குளிர்தான். ஒன்று கவனியுங்கள்: வெயில் படும் இலை, அறையைவிடச் சில டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும். அறைவெப்பத் தண்ணீரே அதற்குக் குளிர்ச்சியாகிவிடலாம். கிழக்கு ஜன்னலில் காலை வெயில் விலகிய பிறகு ஊற்றினால் இரண்டு தொல்லையும் இல்லை.

வேர்முடிச்சு

எல்லோரும் நடுக்குருத்து பற்றிய கடைசிக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. சாரல், இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்: நடு இலைகள் சிறுத்து ஒன்றோடொன்று நெருங்கி இறுகியிருக்கின்றனவா? தொட்டால் மடக்கென்று ஒடிகின்றனவா? பூக்காம்பு குட்டையாகவோ முறுக்கிக்கொண்டோ வருகிறதா? குருத்தில் ஆரஞ்சு அல்லது பழுப்பு நிறத்தில் கற்கண்டுத் தூள் மாதிரி ஏதாவது படிந்திருக்கிறதா?

சாரல்

இறுகித்தான் இருக்கின்றன. கட்டைவிரல் நகம் அளவுதான் இலை, ஓரம் உள்நோக்கிச் சுருண்டிருக்கிறது. தெரியாமல் கை பட்டதும் ஒன்று ஒடிந்துவிட்டது. பூக்காம்பு இரண்டு, இரண்டுமே வளைந்து தடித்திருக்கின்றன, மொட்டு விரியவில்லை. தூள் எதுவும் இல்லை. வெளிவட்டத்துப் பழைய இலைகள் நன்றாகவே இருக்கின்றன.

வேர்முடிச்சு

அப்படியானால் சைக்ளமென் சிலந்திப்பேன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே அந்தத் தொட்டியை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

செடி புதிதாக ரோமம் முளைக்கவைத்ததால் அந்த அடர்த்தி வரவில்லை. ஓர் இலைக்கு எத்தனை ரோமம் என்பது அது குருத்தாக இருக்கும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடும். பிறகு இலை விரிய விரிய ரோமங்களுக்கு நடுவே இடைவெளி கூடும். எல்லாச் சுணைச் செடியிலும் குருத்து அதிகப் பொசுபொசுப்பாகவும் முதிர்ந்த இலை குறைவாகவும் தெரிவது இதனால்தான். இந்தப் பேன் குருத்துச் செல்களை உறிஞ்சி இலையை விரியவிடாமல் செய்கிறது. பெரிய இலைக்கான ரோமம் முழுவதும் நக அளவு இலையில் நெருங்கி நிற்பதால்தான் சாம்பல் பூத்ததுபோல் தெரிகிறது.

பேனைத் தேடாதீர்கள். கால் மில்லிமீட்டர்தான் அதன் நீளம், உடம்பும் கண்ணாடி மாதிரி. வெளிச்சத்துக்குப் பயந்து குருத்தின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். அறிகுறியை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இதே தோற்றம் தரும் வேறு இரண்டு காரணங்களையும் விலக்கிவிடலாம். உரம் மிகுந்தால் குருத்து இறுகும், ஒடியவும் செய்யும், ஆனால் ரோமங்களின் நுனியில் அந்த ஆரஞ்சுத் தூள் இருக்கும். உங்களிடம் அது இல்லை. வெளிச்சம் மிகுந்தாலும் நடுப்பகுதி இறுகும், ஆனால் அப்போது வெளி இலைகளும் வெளுத்து, தொட்டியைக் கட்டிப்பிடித்ததுபோல் கீழ்நோக்கி வளையும். தவிர, அதே ஜன்னலில் இருக்கும் இன்னொரு வயலட்டும் அப்படி ஆகியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் பாதிக்கப்பட்டு, பூக்காம்பும் கோணலானால் பேன்தான்.

ஒரே ஒரு செடிதான், அரிய ரகமும் இல்லை என்றால் பையில் கட்டித் தூக்கிப்போடுவதே என் பரிந்துரை. மனசு கேட்கவில்லை என்றால் வெந்நீர் முறை இருக்கிறது. குருத்தையும் பூக்காம்புகளையும் வெட்டி எறிந்துவிட்டு, செடியைத் தொட்டியோடு 43 டிகிரித் தண்ணீரில் 15 நிமிடம் முழுக்குங்கள். மண் மிதந்து வராமல் தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டிக்கொள்ள வேண்டும். வெப்பமானி இல்லாமல் செய்யாதீர்கள். 40க்குக் கீழே போனால் பேன் தப்பிவிடும், 46, 47 ஆனால் இலை வெந்துவிடும். பெரிய பாத்திரத்தில் செய்தால் சூடு சீக்கிரம் இறங்காது, அப்படியும் இறங்கினால் வெந்நீரை ஓரமாகச் சேர்த்துக் கலக்குங்கள். பிறகு நிழலில் ஆறவிட்டு, குருத்தில் ஈரம் இல்லாமல் ஒற்றி எடுங்கள்.

மருந்துதான் என்றால் சிலந்திப்பேனுக்கு என்றே உள்ளது வேண்டும். அபாமெக்டின் வேலை செய்யும். புட்டியில் எழுதியுள்ள அளவுக்கு ஒரு சொட்டும் கூடாமல், அதில் சொன்ன இடைவெளியில் திரும்ப அடிக்க வேண்டும். இமிடாகுளோப்ரிட் மாதிரிப் பூச்சிமருந்துகள் பேனைக் கொல்லாது. சுணை இலையில் எந்த மருந்தும் துளித்துளியாக ரோமத்தின் மேலேயே நின்றுவிடும். நனைக்கும் திரவம் சேர்த்தால்தான் அடிவரை இறங்கும்.

மற்ற வயலட்டை நான்கு வாரமாவது கவனியுங்கள். நோயுள்ள செடியைத் தொட்ட கை, பிரஷ் இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுத்த செடிக்குப் போகாதீர்கள். இந்தப் பேன் பெரும்பாலும் பயணம் செய்வது நம் கையில்தான்.

தொட்டிமண்

மாவுப்பூச்சியையும் இதோட சேர்த்துச் சொல்லிடலாம், ஏன்னா சுணைச் செடியில அதைக் கண்டுபிடிக்கிறதே பாதி வேலை. வெள்ளைப் பஞ்சு மேல வெள்ளைப் பஞ்சு. பாண்டாவுல இலை தண்டோட சேர்ற கக்கத்துல பாருங்க. பல்குச்சி முனையால ஒரு கிள்ளு எடுங்க. சுணைன்னா இலையோட இருக்கும், வராது. மாவுப்பூச்சின்னா நூல் நூலா கையோட வந்து, நசுக்கினா ஈரமா கசியும். சாம்பல் நோய்ன்னா வட்ட வட்டமா இருக்கும், காது குடையுற பஞ்சுக்குச்சியால உருட்டினா மாவு மட்டும் வந்து சுணை நிக்கும்.

பாண்டா இலையோரத்துல இருக்கிற பழுப்புப் புள்ளியைப் பார்த்துப் பயந்து வெட்டிடாதீங்க. அங்கே ரோமத்தோட நிறமே பழுப்புதான், அந்தச் செடியோட அழகே அதுதான்.

மாவுப்பூச்சிக்கு 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல பஞ்சுக்குச்சியை நனைச்சு, பிழிஞ்சு, பூச்சி மேல மட்டும் ஒத்துங்க. தேய்க்காதீங்க. முதல்ல ஒரு இலையில செஞ்சு ரெண்டு நாள் பாருங்க. முட்டை பொரிஞ்சு வரும்ங்கிறதால வாரம் ஒரு தடவைன்னு நாலு வாரம் விடாம செய்யணும். அதுக்கு மேல இருந்தா லிட்டருக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு மில்லி திரவ சோப்பு கலந்து அடிக்கலாம்.

வேர்முடிச்சு

வேப்பெண்ணெய் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. வழவழப்பான இலைக்குச் சரி. சுணை இலையில் எண்ணெய் ரோமத்துக்கு நடுவே தேங்கி நிற்கும், துடைக்கவும் முடியாது. அதன்மேல் தூசி ஒட்டும், வெளிச்சம் பட்டால் இலை கருகும். பாண்டாவுக்கு வேண்டவே வேண்டாம். வயலட்டுக்கு ஆல்கஹால் ஒத்தடத்தோடு நிறுத்திக்கொண்டு, மண்ணைக் கழுவி வேரையும் பாருங்கள். வேரிலும் ஒரு வகை மாவுப்பூச்சி வாழும். தொட்டியின் உட்சுவரில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் அதுதான்.

தொட்டிமண்

பாண்டாவுக்கு வேணாம்கிறதை ஒத்துக்கிறேன். வயலட்டுக்கு அடி இலையில மட்டும், சாயங்காலம், அதுலயும் பாதி அளவு போட்டு அடிச்சா கருகாதுங்கிறது என் கட்சி. ஆனா ஆரம்பத்துல ஆல்கஹாலே போதும், அதுல மாற்றுக்கருத்து இல்லை.

மூங்கில்குருத்து

டில்லாண்ட்சியா வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு அதையும் நனைக்காமல் விட்டுவிடப் போகிறார்கள் என்பதால் சொல்கிறேன். மண்ணில்லாமல் வளரும் அந்தச் செடிக்குச் சாம்பல் பூத்த சுணைதான் வாய். வேர் வெறுமனே மரத்தைப் பற்றிக்கொள்ள மட்டும். ஒவ்வொரு ரோமமும் சின்னக் கேடயம் மாதிரி ஒரு செதில். விளிம்பில் இருப்பவை செத்த செல்கள், நடுக்காம்பு உயிருள்ளது. நனைந்ததும் செதில் படுத்து, தண்ணீரைக் காம்பு வழியாக உள்ளே விடும். காய்ந்ததும் நிமிர்ந்து வழியை அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் போட்டவுடன் சாம்பல் நிறம் போய்ப் பளிச்சென்று பச்சையாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். செதில்களுக்குள் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது, அவ்வளவுதான். இலைநரம்பு சொன்ன நுரைக் கணக்கு இங்கே தலைகீழாக நடக்கிறது.

வாரம் ஒருமுறை 20, 30 நிமிடம் ஊறவைத்து, உதறி, தலைகீழாகச் சாய்த்து வையுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் நடுப்பகுதி காய வேண்டும், இல்லாவிட்டால் அடியிலிருந்து அழுகி இலை இலையாகக் கழன்றுவிடும். டெக்டோரம் என்கிற பனிப்பந்து வகைக்கு மட்டும் ஊறவைத்தல் கூடாது, தண்ணீர் தெளித்தால் போதும்.

சாரல்

எல்லோருக்கும் நன்றி. நோயுள்ள வயலட்டைப் பிரித்து வைத்துவிட்டேன், வெந்நீர் முறை வேண்டாம், எறிந்துவிடப் போகிறேன். கடைசியாக ஒன்று. ஈரத்துணியால் துடைத்துச் சுணை போன இலைகளில் மறுபடி முளைக்குமா? பாண்டாவின் புது இலைகளும் முன்பைப்போல வெள்ளையாக இல்லை, பச்சையாகவும் இலைகளுக்கு நடுவே தூரம் அதிகமாகவும் வருகின்றன.

இலைநரம்பு

முதிர்ந்த இலையில் போனது போனதுதான். ரோமம் உண்டாக்கும் வேலை குருத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த இலை ஒளிச்சேர்க்கையை வழக்கம்போல் செய்யும், அழகுக்காக அதை வெட்ட வேண்டாம்.

பாண்டாவுக்கு வெளிச்சம் போதவில்லை. தண்டு நீண்டு, இலை மெலிந்து, சுணை ஐதாகிவிட்டது. அதற்கு நாள் ஒன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். ஒரேயடியாகக் கொண்டுபோய் வெயிலில் வைத்தால் இப்போதுள்ள மெல்லிய இலை கருகும். முதல் வாரம் நாளுக்கு ஒரு மணி நேரம், பிறகு வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டுங்கள். நீண்டுபோன தண்டு மறுபடி குறுகாது. புது வளர்ச்சி அடர்த்தியாக வந்ததும் நுனியை எட்டு சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி, வெட்டுவாயை நான்கைந்து நாள் உலரவிட்டு, பாதி பெர்லைட் கலந்த மண்ணில் ஊன்றிவிடுங்கள். வேர் பிடிக்கும் வரை சொட்டுத் தண்ணீர் போதும். ஊன்றும்போது இலையைப் பிடிக்காதீர்கள், தண்டைப் பிடியுங்கள். விரல் பட்ட இடத்தில் வழுக்கை விழுந்துவிடும்.